மேடிசனில் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனுக்கு யாராவது கிளம்பினால், அங்கே படித்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள், "எங்கே சாப்பிடலாம்?" என்று. முன்பெல்லாம் ஏழெட்டுக் கடைப் பெயரை எழுதி அனுப்பிவிடுவேன். போய்வந்தவர்களில் பாதிப் பேர் "ஒன்றும் பெரிதாக இல்லையே" என்றார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனென்றால் நான் சொன்னவை எல்லாமே எனக்குப் பிடித்த இடங்கள். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மீன் கேட்டுப் போயிருக்கிறார்கள், சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்து ஊரே தெருவில் இறங்கும் நேரத்தில் ஆறு பேராகப் போய் மேசை கேட்டிருக்கிறார்கள், ஜனவரியில் ஏரிக்கரையில் நாற்காலி தேடியிருக்கிறார்கள்.

மேடிசன் கிழமை பார்த்து, பருவம் பார்த்துச் சாப்பிடுகிற ஊர். வெள்ளிக்கிழமைக்கு ஒரு சாப்பாடு, சனிக்கிழமைக் காலைக்கு ஒன்று, ஜூனுக்கு ஒன்று, அக்டோபருக்கு ஒன்று. அதனால் இப்போதெல்லாம் பெயர்ப் பட்டியல் கொடுப்பதில்லை. எதைத் தவிர்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஊரின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெண்டோட்டா, மொனோனா என்று இரண்டு ஏரிகள், நடுவில் ஒடுங்கலாக ஒரு நிலத்துண்டு. அதன் மேட்டில் மாநிலச் சட்டமன்றத்தின் வெள்ளைக் கட்டடம், அதைச் சுற்றி ஒரு சதுக்கம். அங்கிருந்து மேற்கே ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் பல்கலைக்கழகம். கிழக்கே போனால் வில்லியம்சன் தெரு, ஊர்க்காரர்கள் வாயில் அது வில்லி ஸ்ட்ரீட்.

வெள்ளிக்கிழமையை மற்ற நாள் போல நினைப்பது

விஸ்கான்சினில் வெள்ளி மாலை என்றால் ஃபிஷ் ஃப்ரை. இதை ஒரு உணவு வகை என்று நினைத்துக்கொண்டு, எந்த நாளில் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இருந்துவிடுவதுதான் வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு. சில கடைகளில் மற்ற நாட்களிலும் மீன் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இருக்கும் அந்தக் கூட்டமும், சூடும், குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும் அந்தக் கலகலப்பும் செவ்வாய்க்கிழமை வராது. எண்ணெய்ச் சட்டியிலிருந்து மீன் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் நாளில் சாப்பிட்டால்தான் அதன் மொறுமொறுப்பு தெரியும்.

வெள்ளிக்கிழமைக்குக் காரணம் உண்டு. இங்கே குடியேறிய ஜெர்மானிய, போலிஷ் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிட மாட்டார்கள். பக்கத்திலேயே பெரிய ஏரிகள், மீன் மலிவு. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்த காலத்தில், வியாபாரம் படுத்துப்போன மதுக்கடைகள் ஆட்களை உள்ளே வரவைக்க மீன் பொரித்துப் போட்டன. மதுவிலக்கு போய்விட்டது, மீன் தங்கிவிட்டது. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் இன்றைக்கு அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

காட், பெர்ச், வால்ஐ (walleye) என்ற மூன்று மீன்கள்தான் பெரும்பாலும் இருக்கும். காட் கடல் மீன், எங்கேயும் கிடைப்பது. விஸ்கான்சின் வரை போய்விட்டு அதையே கேட்பானேன்? பெர்ச்சும் வால்ஐயும் நன்னீர் மீன்கள், சதை மெல்லியது, லேசான இனிப்பு இருக்கும். பட்டியலில் பெர்ச் இருந்தால் நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. கூடவே ரை ரொட்டி, கோல்ஸ்லா, டார்ட்டர் சாஸ் வரும். உருளைக்கிழங்குக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள், பழக்கதோஷத்தில் ஃப்ரென்ச் ஃப்ரைஸ் என்று சொல்லிவிடாதீர்கள். உருளைக்கிழங்கு பேன்கேக் இருக்கிறதா என்று கேளுங்கள். நம்ம அடை போல ஓரம் முறுகலாக, ஆப்பிள் மசியலோடு வரும். அது தீர்ந்துபோவதற்குள் போய்விட வேண்டும் என்பதற்காகவே நான் ஐந்தரைக்குக் கிளம்புவேன்.

ஆறரைக்குப் போனால் ஒரு மணி நேரக் காத்திருப்பு சாதாரணம். பல இடங்களில் வெள்ளிக்கிழமைக்கு முன்பதிவே எடுக்க மாட்டார்கள். வாசலில் பெயர் கொடுத்துவிட்டு, மதுமேசைப் பக்கம் போய் நிற்பதுதான் வழக்கம், குடிக்காதவர்கள் சோடாவோ ஜூஸோ வாங்கிக்கொண்டு நிற்கலாம். அந்தக் காத்திருப்பை எரிச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஊர்க்காரர்கள் பேச்சுக்கொடுப்பது அந்த நேரத்தில்தான். என் முதல் குளிர்காலத்தில் ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பது எப்படி என்று முன்பின் தெரியாத ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் எனக்கு விளக்கியது அப்படி ஒரு வரிசையில்தான்.

சப்பர் கிளப் என்று இந்த மாநிலத்தில் பேர்போன ஒரு வகை உணவகம் உண்டு, அங்கேயும் இதே முறை. கிளப் என்ற பெயரைப் பார்த்து உறுப்பினர்களுக்கு மட்டும் என்று திரும்பிவிடாதீர்கள், யாரும் போகலாம். பல இடங்களில் முதலில் மதுமேசையில் உட்கார்ந்து பட்டியல் பார்த்து, அங்கேயே சாப்பாட்டைச் சொல்லிவிட்டு, தயாரானதும் மேசைக்குப் போவார்கள். பிராந்தி ஓல்ட் ஃபேஷன்ட் என்ற பானம் இங்கே எல்லார் கையிலும் இருக்கும். மற்ற மாநிலங்களில் விஸ்கியில் செய்வதை இவர்கள் பிராந்தியில் செய்கிறார்கள், ஆரஞ்சும் செர்ரியும் நசுக்கிப் போட்டு. குடிப்பவராக இருந்தால் பாஸ்போர்ட்டையோ வேறு அடையாள அட்டையையோ மறக்காமல் எடுத்துப் போங்கள், 21 வயது ஆனதற்கு அத்தாட்சி கேட்பார்கள், தலை நரைத்தவர்களிடமும் சில இடங்களில் கேட்பார்கள்.

சனிக்கிழமைக் காலையில் தூங்கிவிடுவது

இது எனக்கு மனசு ஆறாத தவறு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சனிக்கிழமைக் காலைகளில் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றியுள்ள சதுக்கம் முழுக்கச் சந்தை. டேன் கவுண்டி விவசாயிகள் சந்தை, 1972இல் தொடங்கியது. விளைவித்தவர்களே விற்க வேண்டும் என்பது அதன் விதி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு அங்கே இடம் கிடையாது, எல்லாமே விஸ்கான்சினில் விளைந்ததாக இருக்க வேண்டும். அந்த விதியோடு நடக்கும் சந்தைகளில் அமெரிக்காவிலேயே மிகப் பெரியது இதுதான் என்பார்கள்.

மதியம் போல எழுந்து போனால் கடையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எட்டு மணிக்குள் போங்கள். போனதும் கவனியுங்கள், கூட்டம் முழுவதும் ஒரே திசையில் நகரும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். நம்ம கோயிலில் பிராகாரம் சுற்றுவதுபோல, ஆனால் இங்கே சுற்றுவது இடப்பக்கமாக. யாரும் பலகை வைத்துச் சொல்வதில்லை, ஆனாலும் எதிரே போனால் எல்லார் மீதும் இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். நாய்க்கு அனுமதி இல்லை.

முதல் சுற்றிலேயே பையை நிரப்பிவிடுவது அடுத்த தவறு. ஒரு சுற்று சும்மா பாருங்கள், அதற்குக் கையில் ஸ்டெல்லாஸ் பேக்கரியின் காரச் சீஸ் ரொட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாய்த் துகள் தூவிய, சீஸ் உருகிய பெரிய உருண்டை ரொட்டி, சுடச்சுடப் பிய்த்துத் தின்றுகொண்டே நடப்பது அங்கே வழக்கம். ஒருவரால் முழுதாக முடியாது, மூன்று பேருக்கு ஒன்று போதும்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து வாங்குங்கள். மே மாதத்தில் நம்ம தண்ணீர்விட்டான் கொடிக்கு உறவான அஸ்பாரகஸின் இளந்தண்டும், ருபார்ப் தண்டும். ஜூனில் ஸ்ட்ராபெரி, அது மிகக் குறுகிய பருவம், கடையில் விற்கும் பெரிய பழத்தோடு ஒப்பிடவே கூடாது, சின்னதாக, உள்ளே வரை சிவப்பாக இருக்கும். ஆகஸ்டில் ஸ்வீட் கார்னும் தக்காளியும். அக்டோபரில் ஆப்பிள், பூசணி, அப்புறம் கிரான்பெரி. அமெரிக்காவின் கிரான்பெரியில் பாதிக்கு மேல் இந்த மாநிலத்தில்தான் விளைகிறது, ஆனாலும் பச்சையாக வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள், பல் கூசும் புளிப்பு.

தமிழர்களுக்கு இந்தச் சந்தையில் ஒரு தனிப் பிரியம் வர வாய்ப்பு இருக்கிறது. 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள் விஸ்கான்சினில் ஏராளம், கலிபோர்னியா, மினசோட்டாவுக்கு அடுத்து அதிகம் இங்கேதான். அவர்களில் பலர் காய்கறி விவசாயிகள். ஆகஸ்டு, செப்டம்பரில் அவர்கள் மேசையில் பாகற்காய், நீளக் காராமணி, பச்சை மிளகாய், வேரோடு கொத்தமல்லி எல்லாம் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் ஒரு வருடம் கழித்துப் பிஞ்சுப் பாகற்காயைக் கையில் எடுத்த அன்றைக்கு நான் அந்த அம்மாவிடம் ரொம்ப நேரம் பேசினேன், அவர் எப்படிச் சமைப்பார், நாங்கள் எப்படிச் சமைப்போம் என்று.

இந்தச் சந்தையோடு சேர்ந்தே வளர்ந்தது சதுக்கத்தில் இருக்கும் லெட்வால் உணவகம். ஒடெஸா பைப்பர் என்பவர் 1976இல் தொடங்கியது, பக்கத்து விவசாயிகளிடம் வாங்கித்தான் சமைப்பேன் என்று அவர் அன்றைக்கே முடிவெடுத்தார். 2005இலிருந்து டோரி மில்லரிடம் இருக்கிறது, அவர் 2012இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். விலை அதிகம், மாணவர் பையில் அடங்காது. பட்டம் வாங்கும் நாளுக்கோ பெற்றோர் வந்திருக்கும்போதோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போதுதான் ஊரில் எல்லாருக்கும் அதே எண்ணம் வரும். மே மாதப் பட்டமளிப்பு வார இறுதிக்குப் பல வாரங்களுக்கு முன்பே இடம் பிடிக்காவிட்டால் எங்கேயும் கிடைக்காது.

கால்பந்து நாளைப் பார்க்காமல் கிளம்புவது

இலையுதிர் காலத்தில் ஏழெட்டுச் சனிக்கிழமைகள் கேம்ப் ரேண்டல் மைதானத்தில் பல்கலைக்கழக அணியின் ஆட்டம் இருக்கும். 75,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம், ஊருக்கு நடுவில். சில ஆட்டங்கள் காலை பதினொன்றுக்கே தொடங்கும், அன்றைக்கு எட்டு மணியிலிருந்தே ரீஜென்ட் தெருவும் மன்றோ தெருவும் சிவப்புச் சட்டைகளால் நிரம்பிவிடும். டிக்கெட் வாங்குகிறீர்களோ இல்லையோ, அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டுத் திட்டம் போட வேண்டும்.

மைதானத்துக்கு எதிரே மிக்கீஸ் டெய்ரி பார் இருக்கிறது, 1946இலிருந்து. காலைச் சிற்றுண்டிக்கு நான் அந்த ஊரில் முதலில் சொல்லும் இடம். காலையும் மதியமும்தான், ராத்திரி கிடையாது. ஸ்க்ராம்ப்ளர் என்று ஒன்று தருவார்கள், உருளைக்கிழங்கின் மேல் முட்டை, சீஸ், அதன்மேல் கிரேவி. ஆட்ட நாளில் அங்கே போய் நிற்பது வீண், சாதாரண வாரநாளில் எட்டரைக்குப் போங்கள். ஆளுக்கு ஒன்று சொல்லிவிடாதீர்கள், பாதி அளவும் கிடைக்கும், அதுவே போதும்.

ஆட்ட நாளில் பசித்தால் கடைக்குள் நுழைய முயலாதீர்கள், தெருவோரத்தில் கரியடுப்பில் பிராட்வர்ஸ்ட் சுட்டு விற்பார்கள், அதை வாங்கி நின்றுகொண்டே சாப்பிடுங்கள். பன்றி இறைச்சித் தொத்திறைச்சி அது, பலர் பீரும் வெங்காயமும் போட்டு வேகவைத்துவிட்டுச் சுடுவார்கள். ஹாட் டாக் என்று கேட்டால் முகம் சுருங்கும். பிராட் என்று சொல்லுங்கள்.

சீஸ் கர்டைப் பொரித்து மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது

அமெரிக்காவின் சீஸில் ஏறக்குறைய கால் பங்கு விஸ்கான்சினில் செய்வதுதான். சீஸ் செய்ய உரிமம் வாங்கியே ஆக வேண்டிய ஒரே மாநிலமும் இதுதான். உணவகத்தில் வாடிக்கையாளர் கேட்காமல் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் வைத்தால் சட்டப்படி குற்றம், இன்றைக்கும். பாலை அவ்வளவு மரியாதையோடு நடத்துகிற இடம்.

சதுக்கத்தில் தி ஓல்ட் ஃபேஷன்ட் என்ற உணவகம் 2005இலிருந்து இருக்கிறது, பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த சீஸ் கர்டுக்குப் பேர்போனது. நன்றாகவே இருக்கும், போங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கர்ட் என்றால் என்னவென்று தெரியாமலே திரும்புகிறீர்கள்.

செடார் சீஸ் செய்யும்போது, பாலைத் திரித்துத் தண்ணீரை வடித்த பிறகு, அச்சில் போட்டு அழுத்துவதற்கு முன் எடுத்துவிடும் துண்டுகள்தான் கர்ட். அன்றைக்குச் செய்ததாக இருந்தால் கடிக்கும்போது கீச் கீச் என்று சத்தம் கேட்கும். உண்மையாகவே கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். பால் புரதம் கால்சியத்தோடு பிணைந்து நீண்ட வலை போல இருக்கிறது, அது பல்லில் உரசி எழுப்பும் சத்தம் அது. ஒன்றிரண்டு நாளில் கர்டில் இருக்கும் அமிலம் அந்தப் பிணைப்பைத் தளர்த்திவிடும், சத்தம் போய்விடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சத்தம் சீக்கிரமே அடங்கும்.

அதனால் சூப்பர் மார்க்கெட்டில் பல நாள் முன்னால் அடைத்த பையை வாங்கிவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்காதீர்கள். சனிக்கிழமைச் சந்தையில், எப்போது செய்தது என்று கேட்டு வாங்குங்கள். நேற்று, இன்று என்று பதில் வந்தால் சரி. வாங்கியதைப் பத்திரப்படுத்தாதீர்கள், நடந்துகொண்டே தின்றுவிடுங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் மைக்ரோவேவில் ஐந்தாறு நொடி மட்டும் காட்டினால் சத்தம் கொஞ்சம் திரும்பி வரும், பத்து நொடி தாண்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

"வெஜிடேரியன்" என்று சொன்னால் போதும் என்று நம்புவது

சைவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். மேடிசன் சைவர்களுக்கு நல்ல ஊர்தான், வில்லி ஸ்ட்ரீட்டில் 1974இலிருந்து கூட்டுறவுக் கடை நடக்கிறது, பெரும்பாலான உணவகங்களில் இறைச்சி இல்லாத பண்டம் நாலாவது இருக்கும். சிக்கல், கண்ணுக்குத் தெரியாதவற்றில் இருக்கிறது. வெஜிடேரியனா என்று கேட்டால், மேலே இறைச்சித் துண்டு இல்லையென்றால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, அவர்கள் அந்தச் சொல்லைப் புரிந்துகொள்வது அப்படி.

என் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு கடையில் பீர் சீஸ் சூப் என்று பார்த்துவிட்டு, "பீர் வேண்டாம்ப்பா, வேற சூப் இருக்கா கேளு" என்றார். காய்கறி சூப் வந்தது. பாதி குடித்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்து சமையலறையில் கேட்கச் சொன்னால், இரண்டு சூப்புக்கும் கோழி வேகவைத்த தண்ணீர்தான் அடிப்படை என்றார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றையிலிருந்து நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "இதில் கோழி ஸ்டாக், மாட்டு ஸ்டாக் ஏதாவது இருக்கிறதா?" என்று நேராகக் கேட்பேன். வெஜிடேரியனா என்று கேட்டால் யோசிக்காமல் தலையாட்டுவார்கள், ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. கிரேவி, பெரும்பாலும் இறைச்சிச் சாறு. மெக்சிகன் உணவகத்தில் மசித்த பீன்ஸ், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சோறு கோழி ஸ்டாக்கில் வெந்திருக்கலாம். சீசர் சாலடின் டிரெஸ்ஸிங்கில் நெத்தலி போன்ற ஆன்சோவி மீன். வில்லி ஸ்ட்ரீட் பக்கம் போய் லாவோ, தாய், வியட்நாம் சாப்பாடு சாப்பிடுவதாக இருந்தால் (சாப்பிடுங்கள், காரம் தேடும் நாக்குக்கு அந்த ஊரில் அதைவிட ஆறுதல் இல்லை), டோஃபு போட்ட குழம்பிலும் மீன் சாஸ் இருக்கும், வேண்டாம் என்று சொன்னால் பல இடங்களில் தவிர்த்துச் செய்துகொடுப்பார்கள். இனிப்பில் மார்ஷ்மெல்லோ இருந்தால், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் அந்தப் பொரித்த சீஸ் கர்டும் ஃப்ரென்ச் ஃப்ரைஸும், அவை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிந்தவையா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பெரும்பாலும் ஆமாம்தான்.

சீஸில் ரென்னட் என்று ஒன்று உண்டு, பாலைத் திரிக்கப் போடுவது. பழைய முறையில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள். இப்போது அமெரிக்கச் சீஸில் பெரும்பாலானவற்றுக்கு நுண்ணுயிரியில் வளர்த்த ரென்னட்தான் போடுகிறார்கள், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை, குறிப்பாகப் பழைய முறையில் செய்து பல மாதம் முதிர வைக்கும் வகைகளில். கடை அலமாரியில் இருக்கும் சீஸ் பலவும் இதைத் தெளிவாகச் சொல்லாது. சனிக்கிழமைச் சந்தையில் மேசைக்குப் பின்னால் நிற்பவர் அந்தச் சீஸைச் செய்தவராகவோ அவர் வீட்டு ஆளாகவோ இருப்பார், "மிருக ரென்னட்டா, மைக்ரோபியலா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். இப்படிக் கேட்பவரைக் கண்டால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒன்று. இந்த மாநிலத்தில் ஐஸ்கிரீமைப் போலவே இருக்கும் ஃப்ரோஸன் கஸ்டர்டு ரொம்பப் பிரபலம். அதில் முட்டை மஞ்சள்கரு இருந்தே ஆக வேண்டும், குறைந்தது 1.4 விழுக்காடு, இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். 1984இல் பக்கத்து ஊரான சாக் சிட்டியில் தொடங்கிய கல்வர்ஸ் கடைகளில் விற்பதும் கஸ்டர்டுதான். முட்டை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சாப்பிட வேண்டியது, அவ்வளவு வழுவழுப்பு. சாப்பிடாதவர்கள் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் சாப்பாடு இருக்காது என்று நினைப்பது

பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று எளிதாக அளக்கும் முறையை ஸ்டீபன் பாப்காக் 1890இல் கண்டுபிடித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அதற்கு முன் பாலில் தண்ணீர் கலந்தவரும் கலக்காதவரும் ஒரே விலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயரில் லிண்டன் டிரைவில் ஒரு பால்பண்ணைக் கட்டடம் இருக்கிறது, அங்கே செய்யும் ஐஸ்கிரீமை ஏரிக்கரையில் இருக்கும் மெமோரியல் யூனியனிலும் வாங்கலாம். ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் வேறு இனிப்புக் கடையைத் தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஒரு ஸ்கூப் என்று கேட்டாலே நிறைய வைப்பார்கள், இரண்டு கேட்காதீர்கள்.

யூனியன் 1928இல் திறந்தது. அதன் பின்புறம் மெண்டோட்டா ஏரியைப் பார்த்த திறந்தவெளி, டெரஸ் என்பார்கள். சூரியக் கதிர் போல முதுகு வைத்த பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நாற்காலிகள். உட்கார்ந்துகொண்டு யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், யாரும் வர மாட்டார்கள், நீங்களே போய் வாங்கி வர வேண்டும். கோடை மாலையில் நாற்காலி கிடைப்பதுதான் கஷ்டம், ஒருவர் இடம் பிடிக்க, இன்னொருவர் வாங்கப் போக வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள். குளிர்காலத்தில் அந்த நாற்காலிகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள், ஏரி உறைந்திருக்கும், அப்போது உள்ளே ராட்ஸ்கெல்லர் என்ற, ஜெர்மன் மதுக்கூடம் போல ஓவியம் தீட்டிய கூடத்தில் உட்கார்ந்து சூடாக ஏதாவது சாப்பிடலாம்.

அக்டோபரில் தெற்காசிய ஆய்வு மாநாட்டுக்கென்று தமிழ் படிப்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் வருடா வருடம் மேடிசனுக்கு வருகிறார்கள். மாநாட்டு விடுதியிலேயே மூன்று நாளும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தெரு தாண்டினால் சந்தை, அதுவும் ஆப்பிள் மாதத்தில்.

பணத்தில் செய்யும் தவறுகள்

பட்டியலில் போட்ட விலையோடு முடியாது. உணவக பில்லில் 5.5 விழுக்காடு விற்பனை வரி சேரும், அதற்கு மேல் டிப்ஸ். மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் 18 முதல் 20 விழுக்காடு கொடுப்பது வழக்கம். விருப்பமிருந்தால் கொடுப்பது என்று நினைக்காதீர்கள், டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு இந்த மாநிலத்தில் சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.33 டாலர்தான், மீதியை உங்கள் டிப்ஸ்தான் நிரப்ப வேண்டும். பரிமாறுபவர்களில் பலர் அங்கே படிக்கும் மாணவர்கள். சில இடங்களில் சேவைக் கட்டணம் என்று முன்கூட்டியே பில்லில் சேர்த்திருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இரண்டு முறை கொடுக்க வேண்டாம். கவுண்டரில் நீங்களே வாங்கிப் போகும் இடத்தில் கட்டாயமில்லை, ஓரிரண்டு டாலர் போட்டால் நல்லது.

மிஞ்சியதைக் கட்டிக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம், பெட்டி கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். தண்ணீர் இலவசம், "டேப் வாட்டர்" என்று கேளுங்கள்.

ராத்திரியும் திங்கட்கிழமையும்

மாணவர்கள் நிறைந்த ஊர், விடிய விடிய சாப்பாடு கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல சமையலறைகள் பல ஒன்பது மணிக்கே அடுப்பை அணைத்துவிடும். அதற்குப் பிறகு பசித்தால் ஸ்டேட் ஸ்ட்ரீட் பக்கம் ஈயன்ஸ் பீட்சா இருக்கிறது, மக்ரோனியும் சீஸும் மேலே போட்ட பீட்சாத் துண்டு அங்கே பிரபலம். கேட்க விசித்திரமாக இருக்கும், நூலகத்திலிருந்து பனியில் நடந்து வந்து சாப்பிட்டால் அதன் அருமை தெரியும்.

திங்கட்கிழமை பல உணவகங்களுக்கு விடுமுறை. கதவு வரை போய்த் திரும்புவதற்குப் பதிலாக, போகும் முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தங்கியிருக்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் நான் சொல்வது வேறு. சனிக்கிழமை அந்த ஹ்மாங் அம்மாவிடம் வாங்கிய பாகற்காய் இரண்டு நாள் தாங்கும். வட்டம் வட்டமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் பிசறி, சந்தையில் வாங்கிய வெங்காயத்தோடு நிதானமாக வதக்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணர்கருவி அலறிவிடும்.